ஒரு முறம் தவிடு

அத்தியாயம் 17

மூன்று நாளாகப் பவானேஸ்வரிக்கு ஒரே வேண்டுதல். வீட்டில் அரிசி தீர்ந்துவிடக் கூடாது.

பெம்பான் மாரியம்மனுக்கே இது புதுசாக இருந்திருக்கும். பெண்ணுக்கு நல்ல இடம் அமையட்டும், புருஷனுக்குச் சர்க்கரை இறங்கட்டும் என்றெல்லாம் அவள் கேட்டதுண்டு. அரிசி டின் காலியாகாமல் காப்பாற்று தாயே என்று அந்தச் சந்நிதியில் யாரும் நின்றதில்லை. ஆனால் டின்னுக்கு அடியில்தான் அந்தக் காகிதம் இருந்தது. டின் காலியானால் யாராவது நகர்த்துவார்கள். நகர்த்தினால் காகிதம் வெளியே வரும். வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய ஷாந்தினியின் நிச்சயதார்த்தம் அதோடு சரி.

போன வாரம் புத்தகம் கைக்குக் கிடைக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கோயிலுக்கு நூறு வயசாகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். பெம்பானில் முதலில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எவை, எந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டினார்கள், யாருக்கு யார் பிள்ளை என்று வம்சக்கொடி எழுதும் பொறுப்பு பவானேஸ்வரியிடம் வந்தது. வந்தது என்ன, கூட்டத்தில் அவளேதான் கையைத் தூக்கினாள். தமிழ்ப்பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். “பத்திரம் இருக்கா?” என்பது அவள் வாயிலிருந்து மூச்சு மாதிரி வரும்.

நாற்பத்தோரு குடும்பங்கள் பழைய பத்திரங்களை உறையில் போட்டு அனுப்பின. மஸ்ஜித் தானாவில் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் சாயம் விற்கும் கடை வைத்திருக்கும் வருங்காலச் சம்பந்தி பாலகிருஷ்ணனும் அனுப்பினார். அவருடைய அப்பா ரெங்கன் பிறந்தது பெம்பானுக்குப் பக்கத்துச் சுங்கை மெராந்தித் தோட்டத்தில். திங்கட்கிழமை அந்த உறையைப் பிரித்தபோது உள்ளே ரெங்கனின் பிறப்புப் பத்திரம் இருந்தது. தகப்பன் நல்லமுத்து. தாய் குஞ்சம்மா.

அந்த நல்லமுத்துவும் குஞ்சம்மாவும் பவானேஸ்வரி வீட்டுச் சாமி அறையில்தான் படமாகத் தொங்குகிறார்கள். அவள் கணவர் குகனின் அப்பா சன்னாசியைப் பெற்றவர்கள் அவர்கள். பத்திரம் சொல்வது நிஜமானால் ரெங்கனும் சன்னாசியும் கூடப்பிறந்தவர்கள். பாலகிருஷ்ணனும் குகனும் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அப்படியானால் பாலகிருஷ்ணனின் மகன் நிவேந்திரனும் ஷாந்தினியும்…

அதற்கு மேல் பவானேஸ்வரி நினைப்பதில்லை.

ஒளித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைத் தின்றது. ரெங்கனின் ஐ.சி. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் மருதன் என்று இருக்கிறது. நிச்சயத்தில் ஐயர் வாசிக்க மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்த சீட்டிலும் மருதன்தான். மருதன் பேரன், ரெங்கன் மகன் என்று ஐயர் ராகம் போட்டு வாசித்துவிட்டுப் போவார். மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் போதும். எடுத்தும் விட்டாள். பதிவேட்டில் ஒரு தேதி பிசகினாலும் பெற்றோரை மூன்று தடவை அலைய விட்டவள், தன் வீட்டுக் காகிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு மூன்று நாளாகத் தூங்காமல் கிடந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கைவிரித்துவிட்டாள்.

ஷாந்தினி லீவு போட்டிருந்தாள். டுரியான் துங்கால் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட வேலை அவளுக்கு. சும்மா உட்காரத் தெரியாத பெண். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வருகிறார்கள் என்று அப்பா வாங்கி வைத்த பத்துக் கிலோ அரிசியை டின்னில் கொட்டலாம் என்று டின்னை இழுத்தாள். பவானேஸ்வரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டின் தரையில் உரசும் சத்தம் கேட்டதும் கை நின்றது.

“அம்மா, என்னாம்மா இது கீழ?”

பவானேஸ்வரி திரும்பவில்லை. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“சுங்கை மெராந்தி எஸ்டேட்… ரெங்கன். நிவேன் தாத்தாவோடதா? இதை ஏன் இங்க வெச்சிருக்கீங்க?” படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். “நல்லமுத்துன்னா நம்ம தாத்தாவோட அப்பாதானே?”

“ம்.”

“குஞ்சம்மா?”

“ம்.”

ஷாந்தினி அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பவானேஸ்வரிதான் குழாயை மூடினாள்.

“எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“மூணு நாளா எங்கூட வந்து வளையல் பார்த்தீங்க. பூக்காரம்மாகிட்ட பேசினீங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டேவா?”

“உங்கிட்ட நான் என்னன்னுடி சொல்லுவேன்?” பவானேஸ்வரிக்கு உடைந்துவிட்டது. “நீ கட்டிக்கப் போறவன் உனக்கு அண்ணன் முறைன்னு பெத்தவ வாயால எப்படிச் சொல்லுவேன்? சொல்லலாம்னு வாயைத் திறப்பேன். நீ சிரிச்சுக்கிட்டு அந்தப் பையன்கூட போன்ல பேசிக்கிட்டிருப்பே. மூடிக்குவேன்.”

ஷாந்தினியின் கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனால் கையிலிருந்த காகிதத்தை அவள் விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் எந்தப் போத்தலை எடுத்தாலும் முதலில் தேதியைப் பார்த்துப் பழகிய கண். அழுதுகொண்டேயும் அது தேதிக்குத்தான் போனது.

“சன்னாசித் தாத்தா எப்பப் பொறந்தாங்க?”

“நாப்பதுல. மார்ச் மாசம்.”

“பத்திரம் இருக்கா?”

இந்தக் கேள்வியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது பவானேஸ்வரிக்கு அதுதான் முதல் தடவை. பேசாமல் போய் நீலக் கோப்பை எடுத்து வந்தாள். சன்னாசி, 1940 மார்ச் பதினொன்று. ஷாந்தினி இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்தாள். ரெங்கன், 1940 ஆகஸ்டு இரண்டு.

“எண்ணுங்கம்மா.”

பவானேஸ்வரி விரலை மடக்கினாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. மறுபடியும் முதலிலிருந்து மடக்கினாள். ஐந்து மாசம்கூட ஆகவில்லை.

“ஒரே அம்மா அஞ்சு மாசத்துல ரெண்டு பிள்ளை எப்படிம்மா பெறுவாங்க? இம்பாசிபள்லா!”

பவானேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருபத்தெட்டு வருஷம் தேதி பார்த்தே சாப்பிட்டவள். மூன்று நாளாக அந்தக் காகிதத்தில் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பயம் வந்தால் படித்த கண்ணும் குருடாகிவிடுகிறது. மகளை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயசுக்கு அப்புறம் அம்மா கொடுத்த முதல் முத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் குகன் உள்ளே வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு கடையில் டாப்பாவ் கட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். குகன் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது இதுதான்.

“அப்ப பாலகிருஷ்ணன் எனக்கு அண்ணனா?”

ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த மனிதர். குரலில் கொஞ்சம் ஆசைகூட இருந்தது. பவானேஸ்வரி முறைத்தாள்.

“இல்லைன்னுதானே இவ்வளவு நேரமா சொல்றோம்! தேதியைப் பாருங்க.”

குகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாடையைச் சொறிந்தார். “இது கிராணி போட்ட தேதிதானே. அப்பல்லாம் ஒரு வருஷத்துப் பிள்ளைங்களை மொத்தமா உக்கார வெச்சு எழுதுவாங்களாம். எங்கப்பா தேதியே சரியில்லைன்னு மீனம்மா அத்தை சொல்லும்.”

“உங்களை யாரு இப்ப வாயைத் திறக்கச் சொன்னது?” என்றாள் பவானேஸ்வரி. ஆனால் அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்கே தெரியும். அரை நிம்மதியை வைத்துக்கொண்டு பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. அந்தக் காலத்து ஆள் ஒருத்தர் சொல்ல வேண்டும். மிச்சம் இருப்பது ஒருத்திதான். குகனின் அத்தை, குஞ்சம்மாவின் மூத்த மகள், தொண்ணூற்றொரு வயது மீனம்மா.

அந்த மீனம்மாவோ இரண்டு மாசமாகப் பவானேஸ்வரியோடு பேசுவதில்லை. நிச்சயதார்த்த அழைப்பை எல்லாருக்கும் அனுப்பியதுபோல அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். தாம்பாளத்தோடு வீட்டுக்கு வந்து அழைக்காத விசேஷத்துக்கு மீனம்மா தன் வாழ்நாளில் போனதில்லை.

“சேலை ஒண்ணு எடு,” என்றார் குகன். “நல்லதா எடு.”

தன் அக்காவுக்கு வைத்திருந்த மயில்பச்சைப் பட்டுச் சேலையைப் பவானேஸ்வரி வெளியே எடுத்தாள். மனசு வலித்தது. பரவாயில்லை. ஷாந்தினி தையல்காரி வீட்டுக்குப் போக வேண்டும். போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு இருவரும் காடியில் ஏறிக் கிளம்பினார்கள். மத்தியானப் பிள்ளைகளை ஏற்ற வேறொரு வேன்காரரிடம் குகன் சொல்லி வைத்தார்.

மீனம்மா இருக்கும் டுரியான் துங்கால் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆனது. கதவைத் திறந்தது மருமகள் அனுசியா. “சீரியல் பார்த்துக்கிட்டிருக்காங்க, விளம்பரம் வந்ததும் பேசுங்க,” என்று காதோடு சொன்னாள்.

மீனம்மா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி தெருவுக்கே கேட்டது. விளம்பரம் வந்தது. அவர் திரும்பினார்.

“வாடா குகா. யாரு கூட வந்திருக்கிறது? எனக்கு அடையாளம் தெரியலையே.”

“அத்தை, நான்தான் பவானி.”

“ஓ, போன்ல பூப்படம் அனுப்பினவளா. அந்தப் படத்தை நான் என்னம்மா பண்றது? தலையில வெச்சுக்கவா?”

பவானேஸ்வரி வாதாடவில்லை. அதுவே ஓர் அதிசயம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மயில்பச்சைச் சேலை எல்லாவற்றையும் வைத்து, குங்குமம் கொடுத்து, கணவனும் மனைவியுமாக விழுந்து கும்பிட்டு அழைத்தார்கள். மீனம்மா சேலையின் முந்தானையை விரித்து ஓரம் வரைக்கும் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மன்னிப்பு கிடைத்துவிட்டது.

“உங்க தம்பி சன்னாசிக்கு அப்புறம் உங்கம்மாவுக்கு ரெங்கன்னு ஒரு பிள்ளை பொறந்துச்சா, அத்தை?” என்று கேட்டாள் பவானேஸ்வரி. “பத்திரத்துல அப்படித்தான் இருக்கு. அந்த ரெங்கன் பேரனுக்குத்தான் ஷாந்தினியைப் பேசியிருக்கோம்.”

மீனம்மா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அனுசியா தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள்.

“ரெங்கனா! எங்கம்மா எங்க அவனைப் பெத்துச்சு? தவிட்டுக்குல்ல வாங்குச்சு!”

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீடு ராமாத்தாள் வீடு. மருதனின் மனைவி. மூன்று பிள்ளை பெற்றாள், மூன்றும் நாற்பது நாள் தாண்டவில்லை. நாலாவது பிறந்த ஒன்பதாம் நாள் குஞ்சம்மா ஒரு முறம் தவிட்டோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“தவிட்டுக்குப் பிள்ளை கொடுக்கிறியான்னு எங்கம்மா கேட்டுச்சு. ராமாத்தா அக்கா பிள்ளையைக் கொடுத்துட்டு, தவிட்டை மடியில வாங்கிக்கிட்டு, திரும்பிப் பார்க்காம உள்ள போயிருச்சு. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா எமனுக்குத் தெரிஞ்சு போயிரும், இது இவ பிள்ளைதான்னு. எனக்கு அப்ப ஆறு வயசு. நான்தான் பிள்ளையை வாங்கிக்கிட்டு வந்தேன். எங்கம்மா ஒரு பக்கம் சன்னாசிக்கும் ஒரு பக்கம் ரெங்கனுக்கும் பால் கொடுத்துச்சு. பெத்தவ சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தா. பிள்ளை அழுதா வந்து நிப்பா. ‘குஞ்சம்மா மவன் ஏன் அழுவுறான்?’னு கேப்பா. எம்மவன்னு ஒரு நாள் சொன்னதில்ல.”

அனுசியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது சரி அத்தை. பத்திரத்துல ஏன் உங்கப்பா பேரு வந்துச்சு?” விட்டாளா பவானேஸ்வரி!

“ஆபீசுக் கிராணி லயத்துக்கு வந்து பிள்ளை யாருதுன்னு கேட்டான். எம்பிள்ளைன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. வேற என்ன சொல்லுவாரு? வாயால எம்பிள்ளைன்னு சொல்லிட்டு, தாளுல ராமாத்தா பிள்ளைன்னு எழுதினா? எமன் ஆபீசுப் பக்கம் போக மாட்டான்னு யாரு கண்டா? அப்புறம் சண்டைக் காலம் முடிஞ்சு ஐ.சி. கொடுத்தப்ப வாயால சொன்னதை எழுதிக்கிட்டாங்க. ராமாத்தா மருதன் பேரைச் சொல்லியிருக்கும்.”

பவானேஸ்வரி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். ஷாந்தினிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்ட மகளிடம், “இல்லடி, இல்லவே இல்ல. நீ அவனையே கட்டிக்கலாம்டி,” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தமும் மகளின் விசும்பலும் சேர்ந்து கேட்டன.

ஒரு தோட்டத்துக் கிராணியிடம், ஒரு பச்சைப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு மனிதர் பொய் சொல்லியிருக்கிறார். தன்னிடமும் எத்தனை பேர் அப்படி மேசைக்கு முன்னால் தயங்கி நின்றிருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அத்தனை பேரையும் பத்திரம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அங்கே வேறு கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

“அத்தை, விளையாடாதீங்க,” என்று குகன் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“இதுல என்னடா விளையாட்டு? மீட்கலையே! காது குத்துறப்ப பெத்தவ வந்து, வாங்கின தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்கணும். அதுக்குள்ள ஜப்பான்காரன் வந்துட்டான். மருதனைச் சயாமுல ரயில் பாதை போடப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. ராமாத்தா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மஸ்ஜித் தானா பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனவதான். மீட்காத வரைக்கும் அவன் எங்கம்மா பிள்ளை. எங்கம்மா பிள்ளைன்னா சன்னாசிக்குத் தம்பி. எப்படிப் பொண்ணு கொடுப்பீங்க?”

பவானேஸ்வரிக்கு வந்த ஆத்திரத்துக்கு மயில்பச்சைச் சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“இப்ப மீட்டா ஒத்துக்குவீங்களா?”

மீனம்மா யோசித்தார். “எங்கம்மா இல்ல. ஆனா அந்த வீட்டு ஆளு நான் இருக்கேன். ரெங்கன் இல்ல. அவன் மவன் இருக்கான். தவிட்டோட வரச் சொல்லு.”

“எப்ப வரச் சொல்ல?”

“நான் உசுரோட இருக்கிறப்பவே வரச் சொல்லு.”

பாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கும் முன்பே எடுத்துவிட்டதுபோல இருந்தது. வழக்கமாக வார்த்தைக்கு வார்த்தை ‘சம்பந்தியம்மா’ என்கிற மனிதர். இன்றைக்கு “சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பவானேஸ்வரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். டின், தேதி, ராமாத்தாள், தவிடு.

“கேக்குறீங்களா?”

“கேக்குறேன்,” என்றார் பாலகிருஷ்ணன். “அந்தப் பேப்பரைத் தெரிஞ்சேதான் உறையில வெச்சேன்.”

பவானேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அப்பா செத்தப்புறம் பெட்டியில கிடைச்சது. பன்னெண்டு வருஷம் ஆச்சு. பாட்டி எங்கிருந்தோ யாரோ பிள்ளையை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்கன்னு நினைச்சேன். எங்கப்பா யாரு பிள்ளைன்னு எனக்கே தெரியாது, யாருகிட்ட கேப்பேன்? போன மாசம் உங்க வீட்டுக்கு வந்தப்ப சாமி ரூம்ல படத்துக்குக் கீழ அந்தப் பேரைப் பார்த்தேன். வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரல. நீங்க பத்திரம் பார்க்கிறவங்க, கண்டுபிடிச்சு நீங்களே வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு வெச்சுட்டேன். திங்கக்கிழமையிலிருந்து போன் அடிச்சா, கல்யாணம் நின்னு போச்சுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் எடுக்கிறேன்.”

மஸ்ஜித் தானாவில் ஒருத்தர், பெம்பானில் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே காகிதத்தை நினைத்துக்கொண்டு மூன்று ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறார்கள். ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். பவானேஸ்வரிக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை.

“தவிட்டோட வாங்க,” என்றாள். “உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

பாலகிருஷ்ணன் வர ஒரு மணி நேரம் ஆனது. காடியின் பின்பக்கத்தைத் திறந்தார். இருபது கிலோ மூட்டை.

“கோழித் தீவனக் கடையில சில்லறையா தர மாட்டேன்னுட்டான் கடைக்காரத் தவுக்கே. மூட்டையாத்தான் எடுக்கணுமாம்,” என்றார் சங்கடத்தோடு.

தவிடு வந்தது, முறம் இல்லை. அனுசியா பிளாஸ்டிக் தட்டை நீட்டினாள். மீனம்மா அதைப் பார்த்த பார்வையில் தட்டு உள்ளே போய்விட்டது. கடைசியில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா, கெரோப்போக் அப்பளம் காயவைக்கும் மூங்கில் முறத்தை வேலிக்கு மேலே நீட்டினார். என்ன விசேஷம் என்று கேட்டார். அனுசியா அவருக்குத் தெரிந்த மலாயில் விளக்க, அந்த அம்மாள் அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மீனம்மா மயில்பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு வாசல்படிக்கு உள்ளே வந்து நின்றார். பாலகிருஷ்ணன் வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, முறத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். அறுபது வயசு மனிதர். கடை விலாசம் போட்ட சட்டையில் வெள்ளைச் சாயம் காய்ந்திருந்தது.

“எதுக்கு வந்தே?” என்றார் மீனம்மா.

பாலகிருஷ்ணன் பவானேஸ்வரியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியாது. தானாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“எங்கப்பாவை மீட்க வந்தேன், அத்தை.”

“யாரு உங்கப்பா?”

“ரெங்கன்.”

“யாரு பிள்ளை?”

பன்னிரண்டு வருஷமாக அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளப் பயந்த கேள்வி அது. முறத்தின் ஓரத்திலிருந்து தவிடு கொஞ்சம் சிந்தியது.

“ராமாத்தா பிள்ளை,” என்றார். “மருதன், ராமாத்தா பெத்த பிள்ளை.”

மீனம்மா முந்தானையை விரித்தார். பாலகிருஷ்ணன் குனிந்து தவிட்டைக் கொட்டினார். பட்டு பாழாயிற்றே என்று பவானேஸ்வரிக்குத் தோன்றவே இல்லை.

“எடுத்துக்கிட்டுப் போ,” என்றார் மீனம்மா. அதுவரைக்கும் கல்லாக நின்ற முகம் அப்போதுதான் கலைந்தது. “ரெண்டு வருஷம் இடுப்புல தூக்கினேன்டா அவனை. கனமா இருப்பான்.”

பாலகிருஷ்ணன் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். குகன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கைவைத்தார். “காலையில எட்டரைக்கு ஒரு அண்ணன் கிடைச்சாரு. பதினொண்ணரைக்குள்ள போயிட்டாரு,” என்றார். அழுகிற மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மலாய் அக்காவும் என்ன ஏது என்று புரியாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அனுசியா சாப்பாடு எடுத்து வைக்கிறதுக்குள் பவானேஸ்வரி கைப்பேசியை எடுத்து, நீக்கியிருந்த பக்கத்தை மலருக்குள் மறுபடி சேர்த்தாள். ‘ரெங்கன், மருதன்–ராமாத்தாள் தம்பதியரின் மகன்’ என்று அடித்தாள். அதற்குக் கீழே, ‘குஞ்சம்மா தவிட்டுக்கு வாங்கிப் பாலூட்டிய பிள்ளை’ என்று இன்னொரு வரி சேர்த்தாள். பத்திரம் எதுவும் கையில் இல்லாமல் அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் வரி அதுதான். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

சாப்பிடும்போது பாலகிருஷ்ணன் நிதானத்துக்கு வந்திருந்தார். “தாத்தாவுக்கும் நல்லபடியா ஒரு படையல் போடணும். சயாமுல என்னிக்குச் செத்தாருன்னுகூட எங்களுக்குத் தெரியாது. ஆடி அமாவாசைக்குத்தான் கொடுக்கிறோம்.”

மீனம்மா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார்.

“யாருடா சொன்னா, மருதன் சயாமுல செத்தான்னு?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஜப்பான்காரன் போனப்புறம் வந்தானே. எலும்பும் தோலுமா. எங்க வாசல்ல நின்னு, பொண்டாட்டி பிள்ளை எங்கேன்னு எங்கப்பாவைக் கேட்டான்.”

“உங்கப்பா என்ன சொன்னாரு?” என்று கேட்டார் பாலகிருஷ்ணன்.

மீனம்மா வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். “சோறு ஆறுது, சாப்பிடுங்க,” என்றார். ரிமோட்டை எடுத்து மறுபடியும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். இனிமேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது என்று குகன் கண்ணாலேயே சொன்னார்.

பவானேஸ்வரி பாலகிருஷ்ணனைப் பார்த்தாள். இந்த மனிதர் ஒரு நாளில் எத்தனையைத்தான் தாங்குவார் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது.

“தாத்தாவைத் தேடுவோம்,” என்றார். “ஞாயித்துக்கிழமை முதல்ல நல்லபடியா முடியட்டும், சம்பந்தியம்மா.”